ஃபேக்ஸ் எண் கேட்பதை நிறுத்துங்கள், ரசீது கொடுக்கத் தொடங்குங்கள்

அரசு அலுவலகங்களிலும் பொதுத்துறை நிறுவனங்களிலும் படிவங்களையும் டெண்டர் நிபந்தனைகளையும் எழுதும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் டாக்குமெண்டேஷன் பார்க்கிறவன். 1993-ல் சேர்ந்தேன். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், எல்.சி., ஷிப்பிங் பில் என்று காகிதத்தோடு காகிதமாகவே வயதாகிவிட்டது. சில வருடங்களாக, ஏற்றுமதி மந்தமாக இருக்கும் மாதங்களில் எங்கள் முதலாளி உள்ளூர் டெண்டர்களும் எடுக்கிறார். டி-ஷர்ட், டிராக் சூட் மாதிரி சரக்கு. அதனால் வெளிநாட்டுப் பையர்களின் காகிதம் போக உங்கள் காகிதமும் என் மேஜைக்கு வருகிறது.

போன மாதம் ஒரு பதிவு விண்ணப்பம். புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பெண்ணை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து நிரப்பச் சொல்லிவிட்டு, நான் பக்கத்தில் பில் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பெயர், முகவரி, தொலைபேசி வரைக்கும் அடித்துவிட்டு நிறுத்தினாள்.

"சார், ஃபேக்ஸ் எண்ணுன்னு கேக்குதுங்க. என்ன போடறதுங்க?"

"கோடு போட்டுரு அம்மணி" என்றேன். அவள் 0421 என்று எஸ்டிடி கோடை அடித்துவிட்டாள். நான் சொன்னது வெறும் கோடு. அவளைக் குறை சொல்ல முடியாது. பிறந்ததிலிருந்து ஒரு ஃபேக்ஸ் மெஷினை அவள் பார்த்ததில்லை.

அந்தப் பெண் பார்க்காததை நீங்கள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். ஜி.எஸ்.டி. 2017-ல் வந்தது. பதிவு முழுக்க ஆன்லைன்; ஓ.டி.பி. மொபைலுக்கு வரும், சான்றிதழ் இணையத்தில் வரும். அப்படிப்பட்ட விண்ணப்பத்திலும் அலுவலக ஃபேக்ஸ் எண்ணுக்கு ஓர் இடம் வைத்தீர்கள். 2013-ஆம் வருடத்துக் கம்பெனிகள் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, கம்பெனியின் கடிதத்தாளிலும் பில்லிலும் என்னென்ன அச்சிட வேண்டும் என்று சொல்கிறது. அதிலும் தொலைபேசி எண்ணுக்கு அடுத்து, 'இருந்தால்' என்ற சலுகையோடு, ஃபேக்ஸ் எண் உட்கார்ந்திருக்கிறது. சமரசத் தீர்ப்புச் சட்டத்தின் 7-ஆம் பிரிவில் இன்னும் டெலக்ஸும் தந்தியும்கூட இருக்கின்றன. தந்தி சேவையை நாம் 2013 ஜூலையில் மூடிவிட்டோம். சட்டப் புத்தகத்தில் பழைய சொல் தங்கிப்போவது எனக்குப் புரிகிறது, அதைத் திருத்த நாடாளுமன்றம் வேண்டும். டெண்டர் நிபந்தனையைத் திருத்த உங்கள் பேனா போதும்.

ஃபேக்ஸைக் கேலி செய்ய இந்த மடலை எழுதவில்லை. அந்த மெஷினால் சோறு சாப்பிட்டவன் நான்.

நான் சேர்ந்த புதிதில் கம்பெனியில் ஃபேக்ஸ் கிடையாது. பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் எஸ்டிடி பூத்தில் வரிசையில் நிற்போம். அடுத்த வருடம் சொந்த மெஷின் வந்தது. ஆயுதபூஜைக்குத் தையல் மெஷின்களோடு அதற்கும் பொட்டு வைத்தோம். போனுக்கும் ஃபேக்ஸுக்கும் ஒரே லைன்தான். அதனால் ஃபேக்ஸ் அனுப்ப வேண்டுமென்றால் முதலில் போன் அடித்து, எடுப்பவரிடம் "டோன் குடுங்க" என்று கேட்க வேண்டும். அவர் ஸ்டார்ட் பட்டனை அமுக்கினால் காதுக்குள் கீ என்று ஒரு கத்தல் கேட்கும். கேட்டதும் ரிசீவரை வைத்துவிட வேண்டும். அந்தப் பக்கம் எடுப்பவர் புதியவராக இருந்து "என்ன டோனுங்க?" என்று திருப்பிக் கேட்டால் அன்றைக்கு எஸ்டிடி பில் எகிறும்.

ஜெர்மனியில் சாயங்காலம் ஐந்து மணி என்றால் நமக்கு இரவு எட்டரை அல்லது ஒன்பதரை. பையர்கள் வீட்டுக்குக் கிளம்பும்போது அனுப்பிவிட்டுப் போவதெல்லாம் பூட்டிய ஆபீசில் வந்து விழும். காலையில் ஷட்டரைத் தூக்கினால் மெஷினிலிருந்து தரை வரை துவைத்த வேட்டி மாதிரி தாள் தொங்கும். ரோல் முடியப்போகிறது என்றால் தாளின் ஓரத்தில் சிவப்புக் கோடு ஓடும். எங்கள் வாட்ச்மேன் தாத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் அந்தச் சிவப்புக் கோடு தெரியும். ராத்திரியே ரோலை மாற்றி வைத்துவிடுவார்.

தாள் தெர்மல் தாள். மை கிடையாது, சூட்டில் கருக்கும். வெயிலும் நாளும் பட்டால் எழுத்து வெளுத்துவிடும். ஆகவே ஃபேக்ஸ் வந்ததும் முதல் வேலை, ஜெராக்ஸ். ஒருமுறை ஒரு பையன் முக்கியமான ஆர்டராச்சே என்று நல்லெண்ணத்தில் லேமினேஷன் போட்டுக் கொண்டுவந்தான். சூடு பட்டதில் தாள் முழுக்கக் கருப்பு. பலகை மாதிரி கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

எழுத்தின் தெளிவும் அவ்வளவுதான். சாதாரண தரத்தில் ஃபேக்ஸ் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு 4 வரிகூட எடுக்காது, 3.85 வரிதான். 2 மில்லிமீட்டர் உயர எண்ணை ஏழெட்டு வரியில் வரைந்தால் 6 எது, 8 எது? டி-ஷர்ட் அளவுச் சீட்டு ஒன்று வந்தது. மார்பு அளவு எம் சைஸுக்கு 53 சென்டிமீட்டர், எக்ஸ்எல்லுக்கு 59, நடுவில் எல்லுக்கு 58 என்று தெரிந்தது. பேட்டர்ன் மாஸ்டர் கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு, "53-க்கும் 59-க்கும் நடுவுல 58 எங்கிருந்துங்க வரும்? மூணு மூணா ஏறுது. இது 56" என்றார். சரியாகவே இருந்தது. ஆனால் கழுத்து இறக்கத்துக்கு அப்படி ஏறுகணக்கு கிடையாது. எல்லா சைஸுக்கும் ஒரே அளவு. அதிலும் 6-ஐ 8 என்று படித்தோம். 300 பீஸ் வெட்டிய பிறகு தெரிந்தது.

இவ்வளவு கோளாறு இருந்தும் அதை நம்பினோமே, ஏன்? ஒரு சின்னச் சீட்டுக்காக.

ஃபேக்ஸ் போய் முடிந்ததும் மெஷின் ஒரு ரிப்போர்ட் துப்பும். தேதி, நேரம், எந்த எண், எத்தனை பக்கம், எத்தனை விநாடி, கடைசியில் 'ஓகே'. சில மெஷின்களில் அனுப்பிய முதல் பக்கமே சின்னதாக அச்சாகி வரும். போகாவிட்டால் அதையும் சொல்லும்: பிஸி, நோ ஆன்சர், கம்யூனிகேஷன் எரர். 1997-ல் சாயப்பட்டறையில் துணி தாமதமானதால் ஒரு பையரிடம் ஒரு வாரம் கூடுதலாகக் கேட்டோம். வெள்ளிக்கிழமைக்குள் புதிய தேதியை உறுதி செய்தால் தருகிறேன் என்றார். வியாழன் இரவே அனுப்பிவிட்டோம். திங்கட்கிழமை அவரிடமிருந்து காரமாக ஒரு தாள்: உறுதி வரவில்லை, சரக்கை உங்கள் செலவில் விமானத்தில் அனுப்புங்கள். விமானச் சரக்குக் கூலி கட்டினால் அந்த ஆர்டரில் லாபம் போய், கைக்காசும் போயிருக்கும். முதலாளியின் முகம் பார்க்கச் சகிக்கவில்லை. ஃபைலைத் திறந்து வியாழன் இரவு ரிப்போர்ட்டை எடுத்தேன். இரண்டு பக்கம், ஓகே. அதையே ஃபேக்ஸில் அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் மன்னிப்பு வந்தது. எங்கள் தாள் அவர்கள் ஆபீசில் வேறு யாருடைய டிரேயிலோ கிடந்ததாம்.

அந்த 'ஓகே'யையும் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது, அது வேறு விஷயம். அந்தப் பக்கத்து மெஷினோடு கைகுலுக்கினேன், பக்கம் போனது என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது. அங்கே ரோல் தீர்ந்திருந்ததா, தாள் குப்பைக்குப் போனதா என்று அதற்குத் தெரியாது. ஜெர்மனியின் உச்ச நீதிமன்றமே ஓகே குறிப்பு இணைப்பு ஏற்பட்டதற்கான அறிகுறி, பெற்றதற்கான சான்று அல்ல என்றுதான் சொல்லிவந்திருக்கிறது. போதாக்குறைக்குக் கரண்டு போய் வந்தால் எங்கள் பழைய மெஷினின் கடிகாரம் ஜனவரி 1-க்குப் போய்விடும். சரிசெய்ய மறந்துவிட்டால் ஆடி மாதத்து ஃபேக்ஸுக்கு மார்கழியில் ரிப்போர்ட் வரும்.

ஆனாலும் நம் நீதிமன்றம் ஃபேக்ஸை மதித்தது. பெங்களூர்ப் பட்டு ஏற்றுமதியாளர் ஒருவர் வழக்கு, 1999-ல் உச்ச நீதிமன்றம் வரை போனது. அமெரிக்க நிறுவனம் ஒன்று கொடுத்த காசோலைகள் திரும்பிவிட்டன. ஏற்றுமதியாளர் 1996 ஜூன் 11-ல் ஃபேக்ஸில் நோட்டீஸ் அனுப்பினார். எதற்கும் இருக்கட்டும் என்று மறுநாள் பதிவுத் தபாலிலும் அனுப்பினார். தபால் ஜூன் 25-ல் போய்ச் சேர்ந்தது. நோட்டீஸ் கிடைத்து 15 நாளில் பணம் வராவிட்டால் அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். அவர் தபால் தேதியை வைத்துக் கணக்குப் போட்டு ஆகஸ்ட் 8-ல் புகார் கொடுத்தார். உச்ச நீதிமன்றம், ஃபேக்ஸும் எழுத்து நோட்டீஸ்தான், அது கிடைத்த நாளிலிருந்தே கணக்கு ஓடத் தொடங்கிவிட்டது, புகார் காலம் கடந்தது என்று சொல்லிவிட்டது. பாவம், ஃபேக்ஸ் அனுப்பாமல் இருந்திருந்தால் வழக்கு நின்றிருக்கும். அவருக்கு நஷ்டம்தான். ஆனால் ஒரு தாள் எந்த நாளில் எதிராளியின் கைக்கு வந்தது என்பது வியாபாரத்தில் எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு இதைவிட நல்ல வழக்கு எனக்குத் தெரியாது.

இப்போது என் குறைக்கு வருகிறேன்.

இரண்டு வருடம் முன்பு ஒரு பொதுத்துறை நிறுவனத்துக்கு டி-ஷர்ட் சப்ளை. பெயர் வேண்டாம். டெண்டர் போட்டது ஆன்லைனில்; போட்டதும் நேரம், எண் எல்லாம் போட்டு ஒப்புகை வந்தது. அதை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் ஆர்டர் கைக்கு வந்த பிறகு கடிதப் போக்குவரத்து 1990-களுக்குத் திரும்பிவிட்டது. இடையில் அவர்களே லோகோவை மாற்றினார்கள். அதனால் டெலிவரிக்குப் புதிய தேதி கொடுத்து, ஏழு நாளுக்குள் 'ஃபேக்ஸ் அல்லது பதிவுத் தபால் மூலம்' சம்மதம் தெரிவிக்கச் சொன்னார்கள். அந்தக் கடிதத்தை எனக்கு அவர்கள் அனுப்பியது மின்னஞ்சலில்! இரண்டாம் நாளே கையெழுத்துப் போட்டு, சீல் வைத்து, ஸ்கேன் செய்து அதே முகவரிக்குப் பதில் அனுப்பினேன். சத்தமில்லை. சத்தமில்லாவிட்டால் சம்மதம் என்றுதானே நினைப்போம்.

பில் பாஸாகி வரும்போது காலதாமத அபராதம் பிடித்திருந்தார்கள். எங்கள் மொழியில் எல்.டி. போனில் கேட்டேன். புதிய தேதிக்கு உங்கள் சம்மதம் வரவில்லை, ஆகவே பழைய தேதிதான் செல்லும் என்றார்கள். மின்னஞ்சல் அனுப்பினேனே என்றேன். அந்த அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டார், மெயில் அவர் பெயரில் வந்திருக்கும், நாங்கள் பார்க்க முடியாது; தவிர, நிபந்தனையில் மின்னஞ்சல் என்று இல்லையே என்றார்கள். சரி, இப்போதாவது அனுப்புகிறேன், உங்கள் ஃபேக்ஸுக்கு டோன் கொடுங்கள் என்றேன், வயிற்றெரிச்சலில். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் மெதுவாக, "ஃபேக்ஸுங்களா? அது ரெண்டு வருசமா ரிப்பேருங்க சார்" என்றார்.

ஃபேக்ஸ் அனுப்பாததற்கு அபராதம், அதைப் பெறும் மெஷின் ரிப்பேர். இதற்கு முன்னுதாரணம் பெரிய இடத்திலேயே இருக்கிறது. 2018 நவம்பர் 21-ஆம் தேதி ஜம்மு காஷ்மீரில் ஆட்சி அமைக்க உரிமை கோரி முன்னாள் முதல்வர் மெஹபூபா முப்தி ஆளுநர் மாளிகைக்குக் கடிதம் அனுப்பப் பார்த்தார். ஃபேக்ஸ் போகவில்லை. கடிதத்தை ட்விட்டரில் போட்டார். அன்றிரவே ஆளுநர் சத்யபால் மாலிக் சட்டமன்றத்தைக் கலைத்தார். அன்று விடுமுறை, ஃபேக்ஸைப் பார்க்க ஆள் இல்லை என்று பிறகு விளக்கம் வந்தது. நாடே சிரித்தது. நான் சிரிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன், சிரித்தேன். எல்.டி. பிடித்த அன்று அந்தச் சிரிப்பு எனக்கே திரும்பி வந்தது.

இதனால் ஃபேக்ஸ் மெஷினை ரிப்பேர் பண்ணி வையுங்கள் என்று நான் கேட்கவில்லை. வைத்தாலும் இனி ஓடாது. எங்கள் தெருவில் செம்புக் கம்பியை எடுத்துவிட்டு ஃபைபர் போட்டார்கள். பேச்சு தெளிவாக இருக்கிறது. ஃபேக்ஸ் பாதியில் அறுந்தது. குரலைச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி அனுப்புகிறார்கள். வழியில் ஒன்றிரண்டு விழுந்துவிட்டால் காது சமாளித்துக்கொள்ளும். ஃபேக்ஸ் மெஷினுக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. ஒரு கணம் சத்தம் தவறினால் கம்யூனிகேஷன் எரர் என்று போட்டு நிறுத்திவிடும். அதற்கென்று தனி ஏற்பாடு இருக்கிறது என்றார்கள். ஒரு மாதத்துக்கு ஒரு தாள் வராத மெஷினுக்கு அதைச் செய்ய முதலாளி சம்மதிக்கவில்லை, நானும் வற்புறுத்தவில்லை.

ஃபேக்ஸ் பாதுகாப்பானது, ஹேக் பண்ண முடியாது என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். 2018-ல் செக் பாயின்ட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள், ஃபேக்ஸ் எண் ஒன்று மட்டும் தெரிந்தால் போதும், ஹெச்பியின் ஆல்-இன்-ஒன் பிரிண்டர் ஒன்றுக்கு ஒரு படத்தை ஃபேக்ஸில் அனுப்பி அந்த ஆபீசின் நெட்வொர்க்குக்குள்ளேயே புகுந்துவிடலாம் என்று செய்து காட்டினார்கள். ஹெச்பி பிறகு அந்த ஓட்டையை அடைத்தது. அவ்வளவு தொழில்நுட்பம்கூட வேண்டாம். டிரேயில் கிடக்கும் தாளை டீ கொண்டுவரும் பையனும் படிக்கலாம்.

வெளிநாடுகளிலும் இந்தப் பஞ்சாயத்து நடந்தது. இங்கிலாந்தில் அரசு மருத்துவமனைகளில் ஆயிரக்கணக்கில் ஃபேக்ஸ் மெஷின் ஓடிக்கொண்டிருக்க, 2019 ஜனவரி முதல் புதிதாக வாங்கக் கூடாது, 2020 மார்ச்சுக்குள் எல்லாம் நிற்க வேண்டும் என்று அமைச்சர் உத்தரவு போட்டார். ஜப்பான் கதை சுவாரசியமானது. புல்லட் ரயில் விடும் நாட்டில், 2020-ல் கொரோனா நோயாளிகளின் விவரத்தை மருத்துவமனைகள் கையால் எழுதி சுகாதார நிலையங்களுக்கு ஃபேக்ஸில் அனுப்பிக்கொண்டிருந்தன. மறுவருடம் நிர்வாகச் சீர்திருத்த அமைச்சர் டாரோ கோனோ, ஜூன் முடிவுக்குள் அமைச்சகங்களில் ஃபேக்ஸை நிறுத்தச் சொன்னார். நூற்றுக்கணக்கில் ஆட்சேபங்கள் வந்து குவிந்தன, விலக்குகள் கொடுக்க வேண்டியதாயிற்று. கையெழுத்தும் முத்திரையும் தாளில் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்ற பிடிப்பு அவர்களுக்கு. நமக்கு மட்டும் இல்லையா? ரவுண்டு சீல் இல்லாத கடிதத்தை எந்த கவுன்டரில் வாங்குகிறீர்கள்?

நீங்கள் பார்க்க வேண்டிய நாடு ஜெர்மனி. அங்கே வக்கீல்கள்தான் ஃபேக்ஸின் கடைசி பக்தர்கள். மனு கொடுக்க நள்ளிரவு வரை கெடு என்றால் பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது நீதிமன்றத்துக்கு ஃபேக்ஸ் அனுப்பி, ரிப்போர்ட்டை ஃபைலில் வைத்துக்கொண்டு தூங்கப் போவார்கள். 2022 ஜனவரி 1 முதல் அவர்கள் மின்வழியில்தான் தாக்கல் செய்ய வேண்டும் என்று சட்டம் கட்டாயமாக்கியது. வெறுமனே ஃபேக்ஸைப் பிடுங்கிக்கொண்டு விடவில்லை. மின்வழியில் ஆவணம் வந்து சேர்ந்ததும், வந்த நேரத்தைச் சொல்லும் தானியங்கி ஒப்புகை அனுப்பியவருக்குப் போக வேண்டும் என்று சிவில் நடைமுறைச் சட்டத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். நள்ளிரவு வக்கீல் இன்றும் ஒரு சீட்டைப் பார்த்துவிட்டுத்தான் தூங்கப் போகிறார்.

நம் ஊரில் முதல் பாதியே அரைகுறை, இரண்டாம் பாதி தொடங்கவே இல்லை. மெஷின் செத்துவிட்டது, எண் படிவத்தில் உயிரோடு இருக்கிறது. மின்னஞ்சல் வந்துவிட்டது, ஒப்புகை வரவில்லை. 2000-ஆம் வருடத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் எடுத்துப் பாருங்கள். 12-ஆம் பிரிவு ஒப்புகையைப் பற்றியே பேசுகிறது. 13-ஆம் பிரிவு, பெறுகிறவர் இந்த முகவரிக்கு அனுப்பு என்று குறிப்பிட்டிருந்தால், அந்தக் கணினிக்குள் செய்தி நுழையும் நேரமே பெற்ற நேரம் என்கிறது. சட்டம் உங்களுக்கு வழிவிட்டு இருபது வருடத்துக்கு மேலாகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஃபேக்ஸைப் புதைக்கும்போது இதையும் சேர்த்துப் புதைத்துவிட்டோம். ஃபேக்ஸ் எண் ஆபீசுக்குச் சொந்தம், ஆளுக்குச் சொந்தமில்லை. யார் மாற்றலாகிப் போனாலும், யார் ஓய்வு பெற்றாலும், தாள் அதே டிரேயில் வந்து விழும். தபால் பிரிவில் இருப்பவர் எடுத்துத் தேதி சீல் குத்தி, வரவுப் பதிவேட்டில் எண் போட்டு உரியவருக்கு அனுப்புவார். பிரிவில் இருக்கும் நாலு பேருக்கும் இப்படி ஒரு தாள் வந்தது என்று தெரியும். மின்னஞ்சல் ஓர் அதிகாரியின் தனிப் பெட்டிக்குள் போய் விழுகிறது. பாஸ்வேர்டு அவரிடம். அவர் போன கையோடு எங்கள் கடிதமும் போய்விடுகிறது. சில அலுவலகங்களில் இப்போது "வாட்ஸ்அப்ல போடுங்க" என்கிறார்கள். நீல டிக் விழுகிறது. அதிகாரி போனை மாற்றினால் டிக்கும் போச்சு, கடிதமும் போச்சு. நாளை தகராறு என்று வந்தால் எந்த நடுவர் முன்னால் என் மொபைலை நீட்டுவேன்?

எங்கள் பேங்கில்கூட இதற்கு ஓர் ஒழுங்கு இருந்தது. ஃபேக்ஸில் வரும் உத்தரவை வைத்துப் பணம் அனுப்ப வேண்டுமென்றால் முதலிலேயே ஸ்டாம்பு பேப்பரில் ஃபேக்ஸ் இன்டெம்னிட்டி எழுதிக் கொடுக்க வேண்டும். பின்னால் தப்பு நடந்தால் பொறுப்பு எங்களுடையது என்று. இப்போது அதே பத்திரத்தில் மின்னஞ்சலையும் சேர்த்து எழுதி வாங்குகிறார்கள். கறாரானவர்கள், ஆனால் எந்த வழியில் வந்தால் செல்லும் என்பதில் குழப்பமில்லை.

ஆகவே நான் கேட்பது இதுதான். அடுத்த முறை படிவத்தைத் திருத்தும்போது ஃபேக்ஸ் எண் கட்டத்தை எடுத்துவிடுங்கள். 'ஃபேக்ஸ் அல்லது பதிவுத் தபால்' என்று இருக்கும் இடத்தில் ஒரு மின்னஞ்சல் முகவரியை எழுதுங்கள். அது பதவியின் பெயரில், பிரிவின் பெயரில் இருக்கட்டும். குறைந்தது இரண்டு பேராவது திறந்து பார்க்கிற பெட்டியாக இருக்கட்டும். மெயில் வந்து விழுந்ததும், இன்ன தேதி, இன்ன நேரம், இன்ன பொருள், இத்தனை இணைப்பு, எங்கள் வரவு எண் இது என்று ஒரு பதில் தானாகப் போகட்டும். நன்றி, உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம் என்கிற வகைப் பதில் வேண்டாம். அதை வைத்து நான் என்ன செய்வேன்? பெட்டி நிறைந்து மெயில் திரும்பினால் அந்தப் பழி அனுப்பியவர் தலையில் விழாது என்றும் நிபந்தனையில் ஒரு வரி சேருங்கள். டெண்டர் போடும்போது இதையெல்லாம் உங்கள் இணையதளம் ஏற்கெனவே செய்கிறது. ஆர்டர் கொடுத்த மறுநாள் அது ஏன் நின்றுவிட வேண்டும்?

அதுவரைக்கும், ஃபேக்ஸையே கேட்பது என்று நீங்கள் முடிவு செய்தால், அந்தப் பக்கம் டோன் கொடுக்க ஓர் ஆளையாவது உட்கார வையுங்கள்.

எங்கள் மெஷின் இப்போது ஸ்டோரில், பழைய நூல் கோன் பெட்டிகளுக்கு மேலே இருக்கிறது. பழைய இரும்புக்காரர் கேட்டார், கொடுக்க மனம் வரவில்லை. ஊரில் இன்னும் செம்புக் கம்பி லைனில் ஃபேக்ஸ் வைத்திருக்கும் ஒரு கிளியரிங் ஏஜென்டைத் தேடிப் பிடித்து, இந்த மடலை, எல்.டி. பிடித்த அந்தப் பொதுத்துறை நிறுவனத்தின் கடிதத்தாளில் அச்சிட்டிருந்த ஃபேக்ஸ் எண்ணுக்கு நேற்று மூன்று முறை அனுப்பிப் பார்த்தேன். அவர்கள் கொடுத்த மின்னஞ்சல் முகவரிக்கும் அனுப்பியிருக்கிறேன். மின்னஞ்சலுக்கு இதுவரை பதில் இல்லை. ஃபேக்ஸ் ரிப்போர்ட் மூன்றும் கையில் இருக்கின்றன. தேதி, நேரம், எண் எல்லாம் தெளிவாக விழுந்திருக்கிறது. மூன்றிலும் நோ ஆன்சர். தெர்மல் தாள் என்பதால் ஜெராக்ஸ் எடுத்து இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
திருப்பூரிலிருந்து ஒரு டாக்குமெண்டேஷன் ஊழியன்